மடிகுடாவுக்குப் பெயர் வைத்தவர்

காளிமுத்து அண்ணன் இறந்த செய்தி வந்தபோது நான் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விரிகுடா என்றால் என்ன, வளைகுடா என்றால் என்ன என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பஹ்ரைன் குதைபியாவில் நம் தமிழ் வகுப்பு நடக்கும் அதே கூடம்தான். வெள்ளிக்கிழமை காலை. செல்லதுரை அண்ணன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமலே நின்றார். காளிமுத்து அண்ணனோடு ஆறு வருடங்களாக ஒரே அறையில் இருந்தவர் அவர். என் அப்பா நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"முத்து போயிட்டான் சார்" என்றார் செல்லதுரை அண்ணன்.

"லீவுக்குத்தானே போயிருக்காரு. அதான் போன மாசமே போயிட்டாரே" என்றார் அப்பா.

செல்லதுரை அண்ணன் அந்தச் சொல்லை மறுபடி சொல்லவில்லை. வலது கையை மார்பில் வைத்துக் காட்டினார். அப்பா கையில் இருந்த நாற்காலியைக் கீழே வைத்தார். முதுகுளத்தூர் பேருந்து நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டாராம். விடுமுறை முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. எனக்குப் பின்னால் பிள்ளைகள் "வி, ரி, கு, டா" என்று எழுத்துக்கூட்டிக்கொண்டே இருந்தார்கள்.

அந்தக் கூடத்தின் சுவரில் ஓர் உலக வரைபடம் இருக்கிறது. நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நான்கு பெரிய அட்டைகளை ஒட்டி, ஊர்களையும் கடல்களையும் தமிழில் எழுதியது. அதன் வடக்கு ஓரத்தில், பனிக்கட்டிக் கடலுக்குள், கனடாவின் ஒரு தீவில் 'மடிகுடா' என்று ஒரு சிறு நீர்ப்பரப்பு குறிக்கப்பட்டிருக்கிறது. நம் தமிழ் வகுப்பின் கண்காட்சியில் பரிசு வாங்கித் தந்த சொல் அது. அதன் கீழே ஒட்டியிருந்த அச்சிட்ட தாளில், 'இப்பெயரைத் தந்தவர்: யாழினி, பதினொன்றாம் வகுப்பு' என்று இருந்தது. யாழினி நான்தான். அந்த வரி உண்மையல்ல. இந்த மாத இறுதியில் அச்சுக்குப் போகும் நம் ஆண்டு மலரில் அந்த வரைபடம் அதே வரியோடு வர இருந்தது. அதற்குள் அதைத் திருத்த வேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதத் தொடங்கிய பிறகு, அவரைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரியாத வேறு சிலவும் எனக்குத் தெரியும் என்று தோன்றியது. அவற்றையும் எழுதுகிறேன்.

அவரை நாங்கள் முதலில் தவறாகத்தான் அறிந்தோம். எங்கள் கட்டடத்தின் முதல் மாடியில் ஒரு நிறுவனம் தன் ஆட்களைத் தங்கவைத்திருக்கிறது. ஆறு வருடங்களுக்கு முன் அங்கே புதிதாக வந்தவரிடம் மின்தூக்கியில் அம்மா எங்கே வேலை என்று கேட்டிருக்கிறார். "கோல்ட் ஸ்டோர்ல" என்றிருக்கிறார் அவர். பஹ்ரைனில் கோல்ட் ஸ்டோர் என்றால் தெருமுனை மளிகைக்கடை. பாலும் ரொட்டியும் தயிரும் விற்கிற கடை. அம்மா உடனே, "அப்ப வரும்போது ரெண்டு தயிர் கொண்டு வந்துடுங்களேன்" என்று சொல்லிவிட்டார். அன்று மாலையே தயிர் வந்தது. அதன் பிறகு கிட்டத்தட்ட ஒரு மாதம் தயிர், பால், கொத்தமல்லி எல்லாம் அவர் கையால்தான் வந்தன. ஒருநாள் அப்பா கடைத்தெருவில் அவரைப் பார்த்தார். எங்கள் தெருக் கடையில் வரிசையில் நின்று எங்களுக்குத் தயிர் வாங்கிக்கொண்டிருந்தார்.

"முத்து, இது உங்க கடை இல்லியா?"

"நம்ம கடையா? இல்ல சார். நமக்குத் துறைமுகத்துக்கிட்ட. மீனு, எறாலு எல்லாம் உறைய வச்சிருக்கிற கோல்ட் ஸ்டோரு. பெரிசு. இதுக்கு முன்னாடி துபாய் பக்கம் அதே வேலைதான். அங்கயும் கோல்ட் ஸ்டோர்னுதான் சொல்லுவோம்."

"அப்ப ஏன்யா ஒரு மாசமா எங்களுக்குத் தயிர் வாங்கிட்டு வர்றீங்க?"

"அக்கா கேட்டாக. வாங்கிக் குடுத்தேன். அதுல என்ன சார்?"

அம்மாவுக்கு வெட்கம் தாங்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அவரைச் சாப்பிட அழைத்தார். இலை போட்டதும் அவர், "அக்கா, தயிரு இருக்கா, இல்ல வாங்கிட்டு வரவா?" என்று கேட்டார். அம்மா கரண்டியோடு சமையலறைக்குள் ஓடிவிட்டார். தன்னைப் பற்றி ஒருவர் தவறாக நினைத்தால் அதை அவர் திருத்தமாட்டார். இதை அன்று நான் நகைச்சுவையாக மட்டுமே நினைவில் வைத்துக்கொண்டேன்.

நான் அவரை முதலில் அங்கிள் என்று கூப்பிட்டேன். "அங்கிள்னா டை கட்டியிருக்கணும். நான் கட்டியிருக்கது இதுதான்" என்று கழுத்தில் சுற்றியிருந்த கம்பளித் துண்டைக் காட்டினார். வெளியே ஆகஸ்ட் மாத வெயில். அதனால் அண்ணன் ஆனார். பின்னாளில் நான் வெள்ளிக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்துவிட்டு அவர் எனக்கு வைத்த பெயர் டீச்சரம்மா. கேலியாகத்தான். கேலி இல்லாத நேரங்களில் தாயி என்பார்.

வரைபடத்துக்கான அட்டைகளைக் கொண்டுவந்தவர் அவர்தான். உறைந்த மீன் வரும் பெரிய பெட்டிகளைப் பிரித்து, துடைத்து, காயவைத்து, மடித்துக் கயிறு கட்டிக் கொண்டுவருவார். எவ்வளவு துடைத்தாலும் கூடத்தில் முதல் இரண்டு வாரம் மெல்லிய மீன் வாடை இருந்தது. பிள்ளைகள் அதைக் கடல் வாசனை என்றார்கள். அந்தப் பெட்டிகளின் பக்கவாட்டில் மீன் பிடிபட்ட இடம் அச்சிட்டிருக்கும். பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் போர்க்லிப்ட் வண்டியை ஓட்டும்போது அவர் அதையெல்லாம் படிப்பாராம். படித்ததைச் சின்னத் தாள்களில் எழுதிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவார். எழுத்துக்கூட்டி, ஆங்கிலத்தைத் தமிழில் எழுதியிருப்பார்.

"டீச்சரம்மா, பாபின்னு போட்டிருக்கு. எங்க இருக்கு அந்த ஊரு?"

என் பள்ளி நிலப்பட நூலை எடுத்தேன். பாபின் விரிகுடா கிரீன்லாந்துக்கும் கனடாவின் பாபின் தீவுக்கும் நடுவே இருந்தது. அவர் விரலால் அங்கிருந்து கீழே இறங்கி, அட்லாண்டிக் கடலைக் கடந்து, சூயஸ் வழியாகச் செங்கடலில் வந்து, அரேபியாவைச் சுற்றிப் பஹ்ரைனில் நிறுத்தினார். "இம்புட்டுத் தூரம் வந்த மீனையா நான் நேத்து எட்டி உதைச்சேன்!" என்றார். பிறகு, "பாவம்" என்று சேர்த்துக்கொண்டார்.

அந்தத் தீவின் வட கோடியில்தான் நாங்கள் அந்தச் சின்ன விரிகுடாவைப் பார்த்தோம். நிலப்பட நூலில் ஆர்க்டிக் பே என்று மிகச் சிறிய எழுத்தில் இருந்தது. ஆர்க்டிக் பெருங்கடல் அவ்வளவு பெரிதாக இருக்கும்போது இந்த மூலைக்கு மட்டும் ஏன் அந்தப் பெயர் என்று அவர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்வது எனக்குப் பிடிக்காது. அதனால் பள்ளி நூலகத்தில் தேடினேன். அடுத்த வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்து பிள்ளைகள் பழச்சாறு குடித்துக்கொண்டிருந்தபோது அவரிடம் சொன்னேன். கடலுக்கும் அந்தப் பெயருக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஒரு காலத்தில் திமிங்கில வேட்டைக்கு வந்த ஒரு கப்பலின் பெயர் ஆர்க்டிக். அந்தக் கப்பல் அங்கே வந்ததால் விரிகுடாவுக்கும் அதே பெயராகிவிட்டது.

"எம்புட்டு நாள் நின்னுச்சாம் அந்தக் கப்பலு?"

"தெரியலண்ணா. வந்துட்டுப் போயிருக்கு."

"போற வழில எட்டிப் பாத்துருக்கு. அதுக்கே பேரா? நான் பதினோரு வருசமா கோல்ட் ஸ்டோர்ல நிக்கிறேன். ஒரு கதவுக்குக்கூட எம் பேர வைக்கலியே!" என்று சொல்லிப் பெரிதாகச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "அங்க ஆளுக இல்லையா?" என்று கேட்டார்.

இருக்கிறார்கள் என்றேன். இனுயிட் மக்கள். கப்பல் வருவதற்கு வெகு காலம் முன்பிருந்தே அந்தப் பகுதியில் வாழ்கிறவர்கள். அந்த இடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் இக்பியார்யுக்.

"அப்படின்னா?"

"பாக்கெட். சட்டைப்பை."

அவர் பழச்சாற்றுக் கோப்பையைக் கீழே வைத்தார். கைப்பேசியில் அந்த இடத்தின் படத்தைக் காட்டினேன். மூன்று பக்கமும் உயர்ந்த மலைகள். மரம் ஒன்றுகூட இல்லை. மலைகளுக்கு நடுவே வெள்ளையாக உறைந்த நீர். ஒரு பக்கம் மட்டும் வாய் திறந்திருந்தது. கரையோரத்தில் தீப்பெட்டிகளைப் போலச் சில வீடுகள். குளிர்காலத்தில் ஏறத்தாழ மூன்று மாதம் அங்கே சூரியன் உதிக்காது என்று படித்ததைச் சொன்னேன். "நம்ம ரூமுக்கும் சன்னல் இல்ல தாயி" என்றார், படத்திலிருந்து கண் எடுக்காமல். பிறகு இரண்டு கைகளையும், அப்போது போட்டிராத குளிர்ச்சட்டையின் பைகளுக்குள் விடுவதுபோல இடுப்போரம் கொண்டுபோனார்.

"இது குளிருல கெடந்தவுக வச்ச பேரு" என்றார். "பிரீசருக்குள்ள போனா மூக்கு போயிரும், காது போயிரும். கண்ணாடி போட்டவன் வெளிய வந்தா கண்ணாடி வெள்ளையா மூடிக்கிரும். பேனா எழுதாது. நாங்க பென்சிலுதான் வச்சிருப்போம். அம்புட்டுக்குள்ளயும் சூடு இருக்கிற ஒரே எடம் பாக்கெட்டுதான். கைய உள்ள விட்டாத்தான் நமக்குக் கை இருக்குன்னே தெரியும். அந்த மலைக்குள்ள காத்து வராது பாரு. காத்துல அலைஞ்சுட்டு வந்தவன் அதுக்குள்ள நொழைஞ்ச ஒடனே சொல்லியிருப்பான், அடே, பாக்கெட்டுடா இதுன்னு."

நான் நூலகத்தில் இரண்டு நாள் படித்திருந்தேன். எந்தப் புத்தகமும் இதை எனக்குச் சொல்லவில்லை. அவர் சொன்னது சரிதானா என்று அந்த ஊர்க்காரர்களைத்தான் கேட்க வேண்டும். ஆனால் அன்றுமுதல் அந்த இடம் எனக்கு வெறும் புள்ளியாக இல்லை.

பெயரைத் தமிழில் எழுதுவதில்தான் சிக்கல் வந்தது. முதலில் நான் அட்டையில் 'ஆர்க்டிக் பே' என்றே எழுதினேன். சின்னப் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டுக் கூச்சலிட்டார்கள். "அக்கா, ஆர்க்டிக் பேய்! அங்க பேய் இருக்கா?" வகுப்பே பேயாட்டம் ஆடியது. அழித்துவிட்டு 'ஆர்க்டிக் வளைகுடா' என்று எழுதினேன். நாம் வாழ்வது வளைகுடா நாட்டில் அல்லவா, கை தானாக அதை எழுதிவிட்டது. அப்பா பார்த்துவிட்டு, "அம்மாடி, வளைகுடான்னா கல்ஃப். இது பே. விரிகுடா" என்றார். அதையும் அழித்தேன். நான் எப்போதும் ஏதாவது பட்டியல் போடுகிறவள். பை, சட்டைப்பை, ஜேபி என்று ஒரு தாளில் எழுதிவைத்தேன். ஜேபி என்ற சொல் அரபியிலிருந்து வந்தது என்றும், நாங்கள் கணக்கில் படிக்கும் 'சைன்' என்பதன் பெயர்கூட அதே அரபிச் சொல்லை லத்தீனில் மொழிபெயர்த்ததால் வந்தது என்றும், அந்த லத்தீன் சொல்லுக்கு மடிப்பு, விரிகுடா என்றெல்லாம் பொருள் உண்டு என்றும் எங்கள் கணக்கு ஆசிரியை சொல்லியிருந்தார். அதை மூச்சுவிடாமல் காளிமுத்து அண்ணனிடம் ஒப்பித்தேன்.

"கணக்குக்கும் பாக்கெட்டு வச்சிட்டாகளா?" என்றார் அவர். பிறகு என் பட்டியலைப் பார்த்தார். "எல்லாம் தச்ச பை தாயி. பாக்கெட்டுன்னா யாராச்சும் தைக்கணும். இந்த மலைய யாரு தச்சா? தானா மடிஞ்சு கெடக்கு."

அன்று அவர் கைலி கட்டியிருந்தார். இடுப்பு மடிப்பிலிருந்து அறைச் சாவியையும் அடையாள அட்டையையும் எடுத்து மேசையில் வைத்தார். "இதுக்கு என்ன பேரு?"

"மடி."

"மடியில கனம் இருந்தாத்தான் வழியில பயம்னு சொல்லுவாகள்ல, அந்த மடி. இதுக்குத் தையக்காரன் வேணாம். துணிய மடிச்சா மடி வந்துரும்." வரைபடத்தில் வங்கக்கடலைத் தொட்டார். "இது விரிஞ்சு கெடக்கு. விரிகுடா." பஹ்ரைனைத் தொட்டார். "இது வளைஞ்சு கெடக்கு. வளைகுடா." விரல் மேலே மேலே போய் பனிக்குள் நின்றது. "இது விரியவும் இல்ல, வளையவும் இல்ல. மடிஞ்சு கெடக்கு. அப்ப இது என்ன டீச்சரம்மா?"

"மடிகுடா" என்று நான் கத்தினேன்.

ஆமாம், வாயால் முதலில் சொன்னது நான்தான். பிறகு பல வாரங்கள் இந்த ஒரு காரணத்தைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

எழுதும்போது அவர் ஒன்று சொன்னார். "அவுக பேரு மேல இருக்கட்டும். நம்ம பேரு கீழ. நாம விருந்தாளிதான." அப்படித்தான் எழுதினோம். மேலே இக்பியார்யுக், கீழே மடிகுடா. கப்பலின் பெயரை மூன்றாவதாக, சின்னதாக எழுதலாமா என்று கேட்டேன். "எழுது. அதுவும் வந்துச்சுல்ல" என்றார். நம் தீவைச் சுற்றியுள்ள இந்தக் கடலையே ஒரு கரையில் இருப்பவர்கள் ஒரு பெயராலும் எதிர்க்கரையில் இருப்பவர்கள் வேறு பெயராலும் அழைக்கிறார்கள். பெயர்களை ஒன்றின் கீழ் ஒன்றாகச் சண்டையில்லாமல் உட்காரவைக்க முடியும் என்று நான் அன்று பார்த்தேன்.

கண்காட்சி நாளில் அவர் பணியிலிருந்து நேராக வந்தார். குளிர்கிடங்கில் போடும் தடித்த சட்டையைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு பழச்சாறு மேசைக்கு அருகே நின்றார். நடுவராக வந்திருந்த பேராசிரியை வரைபடம் முழுவதையும் பொறுமையாகப் பார்த்தார். வடக்கு ஓரத்தில் குனிந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"மடிகுடா! எவ்வளவு அழகான சொல். இதை எங்கேம்மா பிடிச்சே?"

"நானாத்தான் யோசிச்சேன் மேடம்."

ஒரே ஒரு சொல்தான் பிழை. 'நாங்களாக' என்று சொல்லியிருந்தால் போதும். சொல்லும்போதே அது எனக்குத் தெரிந்தது. காளிமுத்து அண்ணன் இருந்த பக்கம் பார்த்தேன். அவர் கேட்டிருந்தார். எல்லோரும் கைதட்டியபோது சுருட்டிய சட்டையை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு அவரும் தட்டினார். முதல் பரிசாக ஒரு தடித்த தமிழ் அகராதி கிடைத்தது. மறுநாள் யாரோ அந்த வரியை அச்சிட்டு வரைபடத்தில் ஒட்டினார்கள்.

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "நல்லாப் பேசுன டீச்சரம்மா. பரிசுல பாதி எனக்கு, அந்தச் சமோசாவ இங்க தள்ளு" என்றார். அவ்வளவுதான். அன்று இரவு பரிசு அகராதியில் மடி என்ற சொல்லைத்தான் முதலில் பார்த்தேன். இடுப்பு மடிப்பு என்றிருந்தது. தாய் மடி, பசுவின் மடி, சோம்பல் என்றும் இருந்தது. மடிதல் என்பதற்கு இறத்தல் என்றும் ஒரு பொருள் இருந்தது. அந்தப் பொருளைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. அகராதியை மூடியபோது எனக்கு அந்தக் கப்பல்தான் நினைவுக்கு வந்தது. போகிற வழியில் எட்டிப் பார்த்துவிட்டுத் தன் பெயரை வைத்துவிட்டுப் போன கப்பல். அது நான்தான்.

சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு வெள்ளிக்கிழமைகள் நினைத்தேன். அவரைச் சுற்றிப் பிள்ளைகள் இருந்தார்கள். மூன்றாம் முறை, ஊருக்குப் போகும் முன் பெட்டியை எடைபோட எங்கள் வீட்டுத் தராசைக் கேட்டு வந்தார். பெட்டியைத் தூக்கித் தராசில் வைத்துவிட்டு முள்ளைப் படிக்கச் சொன்னார். அளவைத் தாண்டியிருந்தது. திறந்து பார்த்தால் மேலேயே தடித்த கம்பளி.

"முதுகுளத்தூர் வெயிலுக்குக் கம்பளி எதுக்குண்ணா?"

"கல்ஃப்லருந்து வர்றவன் கம்பளி இல்லாம வந்தா ஊரு நம்பாது தாயி."

"அண்ணா, அந்த மேப்புல..."

"ஆமா, மேப்பு. எம் மக கேட்டுக்கிட்டே இருக்கா. ஏழாவது படிக்கிறா. போட்டோ எடுத்தேன், சரியா விழல. வந்து எடுத்துக்கலாம்" என்றார். பிறகு ஒரு பால்பவுடர் டப்பாவை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். "இது எடை கூடுது அக்கா. நீங்க தயிருக்கு வச்சுக்கங்க." அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். மின்தூக்கிக் கதவு மூடியது. மடியில் கனம் இருந்தது எனக்குத்தான். அவர் லேசாகப் போனார்.

செய்தி வந்த மறுவாரம் செல்லதுரை அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். காளிமுத்து அண்ணனின் பொருள்களை ஊருக்கு அனுப்புவதற்காகப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தாராம். ஒரு சின்னப் பென்சிலும், மீன்பெட்டி ஊர்ப்பெயர்கள் எழுதிய தாள்களும் இருந்தன. "இது பாப்பாவுக்கு ஒதவும்" என்று என்னிடம் கொடுத்தார். பிறகு அப்பாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"சார், முத்து மக போனு போட்டுக்கிட்டே இருக்கு. எங்கப்பா ஒரு கடலுக்குப் பேரு வச்சிருக்காக, பஹ்ரைன்ல மேப்புல இருக்கு, போட்டோ அனுப்புங்கன்னு. பள்ளிக்கூடத்துல சொல்லியிருக்கும் போல. ஒருத்தரும் நம்பலியாம். நான் என்னத்தச் சொல்ல? முத்து எங்கிட்ட ஒருநா சொன்னான், 'அதுல பேரு மாறிக் கெடக்கு செல்லத்தொர. காட்டுனா பாப்பாவுக்குச் சங்கடம். போட்டோ விழலன்னு சொல்லிட்டேன்'னு. எந்தப் பாப்பாவச் சொன்னான்னு எனக்கு வெளங்கல."

எனக்கும் இன்றுவரை தெரியாது. தன் மகளைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா? எப்படிப் பார்த்தாலும், தன் மகளிடம் பொய் சொல்லி அவர் காப்பாற்றியது என்னையும்தான். மளிகைக்கடைக்காரர் என்று நினைத்தவர்களுக்குத் தயிர் வாங்கிக் கொடுத்த மனிதர், நான் செய்ததையும் அப்படியே வாங்கிக்கொண்டார். அம்மாவின் தவறு சிரித்தால் தீர்ந்துவிடும். என்னுடையதைத் திருத்தினால்தான் தீரும்.

செல்லதுரை அண்ணன் இருக்கும்போதே அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எங்ககிட்ட சொல்லிட்டே. சரி. கைதட்டினவங்க நூறு பேரு இருந்தாங்களே" என்றார் அப்பா. மறுநாள் வகுப்புப் பொறுப்பாளர்களிடம் போய்ச் சொன்னேன். "சின்ன விஷயம்தானேம்மா, நீயும்தானே கூட இருந்தே, ரெண்டு பேர் பேரையும் போட்டுடலாமே" என்று ஒருவர் இரக்கத்தோடு சொன்னார். ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது. வேண்டாம் என்றேன். நான் செய்தது 'மடி'யோடு 'குடா'வைச் சேர்த்ததுதான். மலை மடிந்திருக்கிறது என்று பார்த்தவர் அவர். மலருக்கு வேறு படம் எடுத்துத் தரச் சொன்னார்கள். இந்தக் கட்டுரையையும் சேர்த்துப் போட ஒப்புக்கொண்டார்கள்.

நேற்று கூடத்துக்குப் போய் அந்த அச்சிட்ட தாளைப் பிரித்தேன். பசை கெட்டியாக இருந்தது. அட்டையின் மேல்தோல் கொஞ்சம் கூடவே வந்துவிட்டது. அந்த வெளுத்த இடத்தில் அவருடைய பென்சிலால் எழுதினேன்: 'மடிகுடா. இப்பெயரைத் தந்தவர் காளிமுத்து, குளிர்கிடங்குப் பணியாளர், முதுகுளத்தூர்.' பேனாவால் எழுது, பென்சில் அழிந்துவிடும் என்றார் அப்பா. பிரீசருக்குள்ளும் எழுதுவது பென்சில் ஒன்றுதான் என்று சொன்னேன். அப்பா பேனாவைத் திரும்பப் பையில் செருகிக்கொண்டார்.

அகராதியை, விடுமுறைக்கு ஊருக்குப் போகவிருக்கும் செல்லதுரை அண்ணனின் பெட்டியில் வைத்துவிட்டோம். அது காளிமுத்து அண்ணனின் மகளுக்குப் போகிறது. பெட்டி அளவைத் தாண்டியது. அவர் தன் கம்பளியை எடுத்துவிட்டார். ஊர்ப்பெயர்கள் எழுதிய தாள்களும் அதே பெட்டியில் போகின்றன. அவை அவளுடையவை. பென்சிலை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். கட்டைவிரல் நீளம்கூட இல்லை. பள்ளிச் சீருடையின் பையில் இருக்கிறது. கையை உள்ளே விட்டால் தட்டுப்படுகிறது. காளிமுத்து அண்ணனிடமிருந்து எனக்கென்று எஞ்சியிருப்பது அதுவும், 'அவுக பேரு மேல' என்ற சொல்லும்தான்.

வரைபடத்தைப் படம் எடுத்து முதுகுளத்தூருக்கு அனுப்பினேன். சற்று நேரத்தில் அவர் மகளிடமிருந்து குரல்பதிவு வந்தது. பின்னால் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள், கோழி ஒன்று கத்தியது.

"அக்கா, போட்டோ நல்லா விழுந்திருக்கு" என்றாள்.